அறை ஒன்று அதிகமாம்!

(படிப்பகத்தில் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சன்னலுக்கு வரி போட்ட நாடு இங்கிலாந்து. 1696ஆம் ஆண்டிலே போட்டார்கள்; 1851ஆம் ஆண்டு வரையிலே வாங்கினார்கள். வீட்டுக்கு வீடு சென்று சன்னல்களை எண்ணினார்கள். எண்ணிக்கை ஏற ஏற வரியும் ஏறிற்று. வரிக்கு அஞ்சிய மக்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு சன்னல்களை அடைத்தனர். அடைபட்ட சன்னல்களோடு பழைய வீடுகள் இன்றும் அந்நாட்டு வீதிகளிலே நிற்கின்றன. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் விலை கேட்ட காலம் என்று வரலாறு அதனைக் குறித்து வைத்திருக்கிறது.

அதே நாட்டிலே, 2013ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று, இன்னொரு புதுமை அரங்கேறிற்று. இம்முறை படுக்கையறைகளை எண்ணினர்! ஏழையின் வீட்டிலே படுக்கையறை எத்தனை, படுப்போர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தனர். அறை ஒன்று அதிகமாக இருக்கிறது, ஆகவே உனக்குத் தந்துவந்த வாடகை உதவியைக் குறைக்கிறோம் என்றனர். ஆட்சியாளர் இதற்கு இட்ட பெயர் 'உபரி அறை மானிய நீக்கம்'. மக்கள் இட்ட பெயர் 'படுக்கையறை வரி'. இது வரியே அன்று என்று மந்திரிகள் மன்றந்தோறும் மறுத்தனர். ஆயினும் என்ன? வயிற்றில் அடிபட்டவன் அடித்த கோலின் பெயரையா ஆராய்வான்? மக்கள் வைத்த பெயரே நிலைத்தது.

கடல் கடந்த நாட்டின் வாடகைக் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். காரணத்தோடுதான் இதனை எடுத்துக்கொண்டேன். ஏழைக்குத் தரும் உதவியைக் குறைக்க விரும்பும் ஆட்சி எப்படிப் பேசும், எந்த நியாயத்தை முன்னே நிறுத்தும், எந்த உண்மையைப் பின்னே மறைக்கும் என்பதனை இந்த ஒரு சட்டத்திலே பாடம் படிப்பதுபோலப் படித்துக்கொள்ளலாம். அரசியலில் ஈடுபட்டோர் அறிந்திருக்க வேண்டிய பாடம் அது.

சட்டம் சொல்வது என்ன?

பிரிட்டனில் வருவாய் குறைந்தோருக்கும், வேலை இழந்தோருக்கும், உடல்நலம் குன்றியோருக்கும் வீட்டு வாடகை கட்ட அரசு உதவித்தொகை தருகிறது. 1980களின் தொடக்கத்தில் வடிவு பெற்ற ஏற்பாடு இது. நகராட்சி மன்றங்கள் கட்டிய வீடுகளிலும், இலாப நோக்கற்ற வீட்டுவசதிச் சங்கங்களின் வீடுகளிலும் குடியிருப்போர் இதனைப் பெற்றனர்; தனியார் வீடுகளில் குடியிருப்போரும் பெற்றனர்.

2010ஆம் ஆண்டிலே டேவிட் கேமரன் தலைமையில் கன்சர்வேடிவ் கட்சியும் லிபரல் ஜனநாயகக் கட்சியும் கூட்டாக ஆட்சி அமைத்தன. பற்றாக்குறையைக் குறைக்க வேண்டும், செலவைச் சுருக்க வேண்டும் என்பது அந்த ஆட்சியின் தாரக மந்திரமாயிற்று. 2012ஆம் ஆண்டின் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம் பிறந்தது. அதன்கீழ் வந்ததுதான் படுக்கையறைக் கணக்கு.

விதியைக் கேளுங்கள். கணவன் மனைவிக்கு ஓர் அறை. 16 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. 16 வயதுக்குட்பட்ட, ஒரே பாலைச் சேர்ந்த இரு பிள்ளைகளுக்கு ஓர் அறை. 10 வயதுக்குட்பட்டோர் ஆயின், ஆணாயினும் பெண்ணாயினும் இருவருக்கு ஓர் அறை. இந்த அளவுக்கு மேல் ஓர் அறை இருந்தால் உதவி பெறத்தக்க வாடகையில் நூற்றுக்கு 14 வெட்டு. இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் நூற்றுக்கு 25 வெட்டு. ஓய்வூதிய வயதை எட்டியோருக்கு விலக்கு உண்டு. உழைக்கும் வயதினர் அனைவர்மீதும் விதி பாய்ந்தது.

வாரத்துக்கு 90 பவுண்டு வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஓர் அறை அதிகமானால் 12 பவுண்டு 60 பென்ஸ் குறையும். இரண்டு அறை அதிகமானால் 22 பவுண்டு 50 பென்ஸ் குறையும். அதே 2013ஆம் ஆண்டில், 25 வயதைக் கடந்த, வேலையற்ற தனி ஆள் ஒருவருக்கு அரசு தந்த வாழ்க்கைப் படி வாரத்துக்கு 71 பவுண்டு 70 பென்ஸ். உணவு, உடை, விளக்கு, குளிர் நாட்டிலே உயிர் காக்கும் கணப்பு, பேருந்துக் கட்டணம் எல்லாம் அதற்குள்ளே! அதிலிருந்து வாரந்தோறும் 12 பவுண்டையோ 22 பவுண்டையோ வாடகைக்கு எடுத்து வைக்க வேண்டும். சீமான் வீட்டு விருந்திலே ஒரு புட்டியின் விலையாக அது தோன்றலாம். இல்லாதவன் வீட்டிலே அது நான்கு நாள் அடுப்பு.

ஏறத்தாழ 6,60,000 குடும்பங்கள் பாதிக்கப்படும் என்று அரசின் மதிப்பீடே சொல்லிற்று. பாதிக்கப்படுவோரில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவான குடும்பங்களிலே மாற்றுத்திறனாளி ஒருவர் இருப்பார் என்றும் அதே மதிப்பீடு சொல்லிற்று. தெரியாமல் செய்தனர் என்று எவரும் அவர்களுக்காக வாதாட முடியாது. தெரிந்தே செய்தனர், எண்ணிப் பார்த்தே செய்தனர்.

அவர்கள் சொன்ன நியாயம்

மாற்றார் வாதத்தை மறைத்துவிட்டு மறுப்புரை மட்டும் பேசுவது நமக்கு அழகன்று. அவர்கள் சொன்ன நியாயத்தையும் எடுத்து வைக்கிறேன்.

ஒரு பக்கத்திலே, சின்னஞ்சிறு வீடுகளிலே நெருக்கியடித்துக்கொண்டு குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் தவிக்கின்றன. பெரிய வீட்டுக்காகப் பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்துக் கிடக்கின்றன. மறுபக்கத்திலே, மூன்று அறை வீட்டிலே ஒருவர் தனியாக வாழ்கிறார். வாடகையைக் கட்டுவதோ பொதுமக்கள் வரிப்பணம். உதவியைக் குறைத்தால் அவர் சிறிய வீட்டுக்குப் போவார், பெரிய வீடு நெருக்கடியில் தவிப்போருக்குக் கிடைக்கும், கருவூலத்துக்கும் மிச்சம். மேலும், தனியார் வீடுகளில் வாழும் ஏழைகளுக்கு 2008ஆம் ஆண்டு முதலே குடும்ப அளவைப் பார்த்துத்தான் உதவி தரப்படுகிறது. நகராட்சி வீட்டில் இருப்போருக்கு மட்டும் சலுகை எதற்கு? இதுதான் அவர்கள் வாதம்.

கேட்பதற்கு ஒழுங்காக இருக்கிறது. நெருக்கடியில் தவிக்கும் குடும்பங்கள் இருந்தன என்பதும் பொய்யன்று. பெரிய வீட்டிலே தனியாக இருப்போர் சிலர், வசதியான சிறு வீடு கிடைத்தால் மனமுவந்து போயிருப்பர் என்பதும் மெய்தான்.

ஆனால் தோழர்களே, இந்த வாதமாகிய மாளிகை முழுவதும் ஒரே ஒரு தூணின்மீது நிற்கிறது. 'அவர் சிறிய வீட்டுக்குப் போவார்' என்பதே அந்தத் தூண். போவதற்குச் சிறிய வீடு எங்கே இருக்கிறது? இந்த ஒரு கேள்வியைக் கேட்டதும் தூண் ஆடுகிறது, மாளிகை சரிகிறது.

சிறிய வீடு எங்கே?

இங்கிலாந்தின் வீட்டுவசதிச் சங்கங்களின் கூட்டமைப்பு ஒரு கணக்கை நாட்டின் முன் வைத்தது. ஓர் அறை போதும் என்ற கணக்கில் வந்துவிட்ட, ஆனால் இரண்டு அறை வீட்டில் குடியிருக்கும் குடும்பங்கள் ஏறத்தாழ 1,80,000. 2011-12ஆம் ஆண்டு முழுவதிலும் காலியாகிக் குடியமர்த்தக் கிடைத்த ஓர் அறை வீடுகளோ ஏறத்தாழ 85,000. அந்த 85,000 வீடுகளும் இவர்களுக்காகவே பூட்டி வைக்கப்பட்டவையும் அல்ல. வீடற்றோர், முதியோர், நோயாளிகள், புதிதாகக் குடித்தனம் தொடங்குவோர் என்று ஏற்கெனவே வரிசையில் நின்றோர் அனைவருக்கும் சேர்த்து அவ்வளவுதான்!

ஒரு பந்தியிலே 180 பேரை எழுப்பி, 'அடுத்த கூடத்துக்குப் போய் உண்ணுங்கள்' என்கிறார் விருந்து வைப்பவர். அடுத்த கூடத்திலே 85 இலைதான் இருக்கிறது. அந்த இலைகளுக்கு முன்னாலும் ஏற்கெனவே ஆட்கள் நிற்கின்றனர். 'போகாதவனுக்கு அபராதம்' என்று கூவுகிறார் விருந்து வைப்பவர். இதற்குப் பெயர் சீர்திருத்தம் என்றால் சீர்கேடு என்பது எது?

விளைவு என்ன ஆயிற்று? எதிர்க்கட்சி சொன்னதைச் சொல்லவில்லை. அரசே ஏற்பாடு செய்த ஆய்வு சொன்னதைச் சொல்கிறேன். 2014ஆம் ஆண்டு ஜூலையில் வந்த அறிக்கைப்படி, விதி நடைமுறைக்கு வந்த முதல் ஆறு மாதத்தில் சமூக வீடுகளுக்குள்ளேயே சிறிய வீட்டுக்கு மாறியோர், பாதிக்கப்பட்டோரில் நூற்றுக்கு 4.5 பேர். மிகப் பெரும்பாலோர் இருந்த இடத்திலேயே இருந்து இழப்பைச் சுமந்தனர். வாடகை பாக்கி வளர்ந்தது. உற்றார் உறவினரிடம் கடன் வளர்ந்தது. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த இறுதி அறிக்கையோ, பாதிக்கப்பட்டோரில் நாலில் மூவர் உணவுச் செலவைக் குறைத்துக்கொண்டதாகக் கூறியதை எடுத்துரைத்தது. அறையைக் குறைக்கப் போட்ட சட்டம் சோற்றைத்தான் குறைத்தது!

மாறிச் சென்ற சிலர் கதை என்ன? நகராட்சியிடம் சிறு வீடு கிடைக்காதவர் தனியாரிடம் போக நேர்ந்தது. தனியார் வாடகை நகராட்சி வாடகையைவிடப் பொதுவாக உயர்வு. ஆகவே இரண்டு அறை நகராட்சி வீட்டைவிட ஓர் அறை தனியார் வீட்டுக்கு அதிக வாடகை. அதற்கேற்ப அரசின் உதவித்தொகையும் அதிகம். மிச்சம் பிடிக்கப் போன இடத்திலே செலவு கூடிற்று. நாட்டின் வடபகுதியிலே சில ஊர்களில் பெரிய வீடுகளுக்கு ஆள் கிடைக்காமல் வீட்டுவசதிச் சங்கங்கள் திண்டாடின. அறை எண்ணிக்கைக்கு அஞ்சி எவரும் அவற்றை ஏற்க முன்வரவில்லை. நெருக்கடியைத் தீர்க்கும் என்ற சட்டம் வீட்டைக் காலியாக நிறுத்திவைத்த விந்தை அது!

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். தேவைக்கு மேல் அறை உள்ள வீடு மிகுதியாக இருப்பது எவரிடம்? சொந்த வீட்டுக்காரரிடம். அடுத்தபடி, ஓய்வூதிய வயதை எட்டியோரிடம். முதியோரைத் தொடாமல் விட்டது சரி. அதனை நான் குறை கூறேன். ஆனால் காலியறைகளை நாட்டு நலனுக்குப் பயன்படுத்துவதே நோக்கம் என்றால், கணக்கு மாளிகையிலே தொடங்கியிருக்க வேண்டும். மாளிகையிலே பத்து அறை பூட்டிக் கிடந்தால் அது செல்வம். குடிசையிலே ஓர் அறை திறந்து கிடந்தால் அது குற்றமா?

பற்றாக்குறை பிறந்த கதை

சிறிய வீடு ஏன் இல்லை? புயலோ வெள்ளமோ கொண்டுபோயிற்றா? இல்லை. ஆட்சிகள் எடுத்த முடிவுகளால் விளைந்த பற்றாக்குறை அது.

1915ஆம் ஆண்டு. முதல் உலகப் போர் நடந்த நேரம். கிளாஸ்கோ நகரிலே ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் வந்து குவிந்தனர். வீட்டுக்காரர்கள் வாடகையை உயர்த்தினர். கணவன்மார் போர்முனையிலும் பட்டறையிலும் இருக்க, வீட்டைக் காத்து நின்ற பெண்கள், மேரி பார்பர் போன்றோர் தலைமையிலே வாடகை மறுப்புப் போர் தொடங்கினர். வீட்டைக் காலி செய்விக்க அமீனா வருகிறான் என்றால் மணி அடிப்பர், தெருவே திரளும். அவ்வாண்டு நவம்பருக்குள் 20,000 பேருக்கு மேல் உயர்த்திய வாடகையைக் கட்ட மறுத்தனர். ஆண்டு முடிவதற்குள் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. கேட்டதால் வந்தது; கெஞ்சியதால் அன்று.

அந்தப் போராட்டம் தந்த விழிப்பும், போர்முனையிலிருந்து திரும்பியோர் கொண்ட எதிர்பார்ப்பும் சேர்ந்து 1919ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தைப் பெற்றெடுத்தன. வீடு கட்டுவது நகராட்சி மன்றங்களின் கடமை, அதற்குப் பொருள் தருவது அரசின் கடமை என்ற கொள்கை வேர் ஊன்றிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழிற்கட்சி ஆட்சியில், சுரங்கத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய அன்யூரின் பெவன் சுகாதார மந்திரியாக வந்தார். வீட்டுவசதியும் அவர் பொறுப்பிலே இருந்தது. தொழிலாளி வீடு என்பதற்காகக் கூண்டு கட்டக்கூடாது என்பதிலே அவர் உறுதி காட்டினார். மூன்று அறை வீடு 900 சதுர அடியாவது இருக்க வேண்டும் என்றார்.

அக்காலத்து நகராட்சிகள் மிகுதியாகக் கட்டியவை குடும்ப வீடுகள். தாய், தந்தை, பிள்ளைகள் வாழ்வதற்கான இரண்டு, மூன்று அறை வீடுகள். அன்றைய தேவை அது, தவறன்று. பின்னர்க் காலம் மாறிற்று. பிள்ளைகள் தொகை குறைந்தது. முதியோர் ஆயுள் கூடிற்று. தனித்து வாழ்வோர் பெருகினர். 2021ஆம் ஆண்டின் கணக்கெடுப்பிலே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பத்துக் குடும்பங்களில் மூன்று, ஒரே ஒருவர் வாழும் குடும்பம். மாறிய காலத்துக்கு ஏற்பச் சிறு வீடுகளைக் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். செய்தார்களா?

1980ஆம் ஆண்டிலே மார்கரெட் தாட்சர் ஆட்சி, நகராட்சி வீட்டைக் குடியிருப்பவரே தள்ளுபடி விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டம் செய்தது. வாங்கியவன் மகிழ்ந்தான், அவனைக் குறை கூற நமக்கு மனம் வராது. ஆனால் விற்ற வீட்டுக்கு ஈடாக வேறு வீடு கட்டப்பட்டதா? பெரும்பாலும் இல்லை. இங்கிலாந்திலே மட்டும் ஏறத்தாழ 20 இலட்சம் வீடுகள் பொது உடைமையிலிருந்து வெளியேறின. 1988ஆம் ஆண்டின் சட்டம் புதிய தனியார் வாடகைகளைக் கட்டுப்பாட்டிலிருந்து அவிழ்த்துவிட்டது. வாடகை உயர்ந்தால் ஏழை என்ன செய்வான் என்று கேட்டபோது, உயரும் சுமையை உதவித்தொகை தாங்கிக்கொள்ளும் என்று ஆட்சியாளர் சொல்லிவிட்டனர்.

இங்கேதான் முடிச்சு இருக்கிறது, கவனியுங்கள். 1970களின் நடுவிலே அரசு வீட்டுவசதிக்குத் தந்த மானியத்தில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் வீடு கட்டவும் வாடகையைக் குறைவாக வைக்கவும் போயிற்று. 2000ஆம் ஆண்டு வாக்கிலே நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் ஆளுக்கு ஆள் தரும் உதவித்தொகையாகப் போயிற்று. செங்கல்லுக்குப் போன பணம் வாடகைக்குப் போகத் தொடங்கிற்று. செங்கல்லில் போட்ட பணம் சுவராக நிற்கும். அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு நிழல் தரும். வாடகையில் போட்ட பணமோ, குத்தகைக்காரன் கையில் தங்காமல் நிலக்காரன் களஞ்சியம் சேரும் நெல்லைப்போல, ஏழையின் கையைத் தொட்டும் தொடாமலும் வீட்டுக்காரன் பெட்டிக்குப் போய்ச் சேரும்.

அப்படிப் போகப் போக உதவித்தொகையின் ஆண்டுச் செலவு 2,000 கோடி பவுண்டைத் தாண்டிற்று. அப்போதுதான் ஆட்சியாளர் அலறினர்: 'ஐயோ, செலவு! ஐயோ, மானியம்!' வீடு கட்டாததால் ஏறிய செலவுக்கு, வீடு இல்லாதவனையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினர். படுக்கையறைக் கணக்கால் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடி பவுண்டு மிச்சமாகும் என்றனர். பெருந்தொகையிலே சிறு துளி. ஆனால் ஏழையின் சட்டியிலே பெரும் ஓட்டை.

உபரி என்பது எது?

காகிதத்திலே 'உபரி' என்று எழுதுவது எளிது. அந்த அறைக்குள்ளே நுழைந்து பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

எட்டு வயதுச் சிறுமியும் ஒன்பது வயதுச் சிறுவனும் உள்ள குடும்பத்தில் இரண்டாவது பிள்ளையின் அறை இன்று உபரி. அடுத்த ஆண்டு சிறுவனுக்குப் பத்து வயது நிறைந்ததும் அதே அறை அவசியம்! இடையிலே ஒரு முறை வீடு மாற்றி, மீண்டும் ஒரு முறை வீடு மாற்ற வேண்டுமா? மணமுறிவுக்குப் பின் தனித்து வாழும் தந்தை, வாரக் கடைசியிலே வந்து தங்கும் பிள்ளைக்கு ஓர் அறை வைத்திருக்கிறான். பிள்ளை தாயின் கணக்கிலே சேர்ந்துவிட்டது; ஆகவே தந்தையின் அறை உபரி. மனைவிக்குக் கடும் உடற்குறை; மருத்துவக் கருவிகளோடு தனிக் கட்டிலில் படுக்க வேண்டும்; கணவன் அடுத்த அறையிலே படுக்கிறான். அந்த அறை உபரி! கடும் நோயுற்ற பேரப்பிள்ளையைப் பேணும் முதியோர் வீட்டிலே, இரவு முழுதும் கண்விழிக்கும் செவிலி தங்கும் அறை. அதுவும் உபரி!

இந்தக் கொடுமைகள் நீதிமன்றம் ஏறின. 2016ஆம் ஆண்டு நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், கடைசியாகச் சொன்ன இரு நிலைகளிலும் உள்ளோரிடம் விதி பாகுபாடு காட்டுகிறது என்று தீர்ப்பளித்தது. வேறொரு பெண்ணின் வழக்கும் உண்டு. வன்முறையாளன் ஒருவனால் உயிருக்கு அச்சுறுத்தல் உள்ளவர் அவர். அவரைக் காக்கும் ஏற்பாடாக வீட்டுக்குள்ளேயே ஓர் அறை வலுப்படுத்தப்பட்டிருந்தது. பொதுப் பணத்தில் கட்டிய பாதுகாப்பு அறையையும் விதி 'உபரி' என்றது. உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை அவருக்குக் கைகொடுக்கவில்லை. 2019ஆம் ஆண்டு அக்டோபரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்தான் அவர் பக்கம் நின்றது. விதி திருத்தப்பட 2021ஆம் ஆண்டு ஆயிற்று. எட்டு ஆண்டுகள்! நீதி வந்தது, நொண்டி நொண்டி வந்தது.

2013ஆம் ஆண்டிலே, போதிய வீட்டுரிமை குறித்து ஆராயும் ஐக்கிய நாடுகள் அவையின் அறிக்கையாளர், பிரேசில் நாட்டு ராக்கெல் ரோல்னிக் அம்மையார், பிரிட்டன் சென்று கண்டார், கேட்டார், இந்த விதியை நிறுத்தி வையுங்கள் என்று பரிந்துரைத்தார். வீட்டுவசதி மந்திரி கிரிஸ் ஹாப்கின்ஸ் தந்த பதில் என்ன தெரியுமா? அந்த அறிக்கை மார்க்சிய வசைமாரி என்றார்! வாதத்துக்கு விடை இல்லாத இடத்திலே முத்திரை குத்துவது ஆதிக்கவாதியின் பழைய வித்தை.

தனியார் வீட்டிலும் இதே கதை

தனியார் வீட்டில் இருப்போருக்கும் அளவு பார்த்துத்தானே தருகிறோம் என்றார்களே, அந்த அளவின் கதையையும் கேளுங்கள். 2011ஆம் ஆண்டுக்கு முன், வட்டாரத்து வாடகைகளை வரிசையிட்டு நடுவிலே நிற்கும் வாடகை வரை உதவி தந்தனர். 2011ஆம் ஆண்டில் அதனைக் கீழிருந்து நூற்றுக்கு 30 என்ற இடத்துக்கு இறக்கினர். தனி ஆளுக்கு முழு வீடு எதற்கு, பிறரோடு பங்கிடும் வீட்டில் ஓர் அறை போதும் என்ற விதி 25 வயதுக்குட்பட்டோருக்கு மட்டும் இருந்தது. 2012ஆம் ஆண்டு முதல் அதனை 35 வயதுக்குட்பட்டோர் வரை நீட்டினர். 2016ஆம் ஆண்டிலிருந்து நான்கு ஆண்டுகள் உதவியின் அளவையே உறைய வைத்தனர். 2020இல் உயர்த்தினர், மறுபடியும் உறைய வைத்தனர், 2024இல் உயர்த்தினர், 2025இல் மீண்டும் உறைய வைத்தனர். உதவி உறைந்து நின்றது; வாடகை உறைந்து நிற்குமா? அது ஓடிக்கொண்டே இருந்தது. இடையில் விழுந்த பள்ளத்தை ஏழை தன் வயிற்றைக்கொண்டு நிரப்பினான்.

ஆக, ஒரு கையால் நகராட்சி வீட்டு ஏழையைச் சிறு வீட்டுக்குத் தள்ளினர். மறு கையால் தனி ஆளைச் சிறு வீட்டிலிருந்தே வெளியே தள்ளினர். இருவருக்கும் வேண்டியது ஒன்றே: கட்டுப்படியாகும் வாடகையிலே ஒரு சிறிய வீடு. அதனைக் கட்டுவார்தான் இல்லை.

வழி இருந்ததா?

இருந்தது. நெஞ்சிலே நேர்மை இருந்திருந்தால் எளிய வழி இருந்தது.

முதலில் சிறு வீட்டைக் காட்டு. மறுத்தால் பிறகு பேசு. இதுதான் அந்த வழி. சட்டம் உருவான காலத்திலேயே பிரபுக்கள் சபையில் இத்தகைய திருத்தம் வந்தது. பிரபுக்கள்! மேட்டுக்குடியினர் அமரும் அந்தச் சபையே, மாற்று வீடு கிடைக்காதவனை வெட்டாதே என்றது. மக்கள் தேர்ந்தெடுத்த காமன்ஸ் சபையிலே ஆளுங்கட்சிகளின் பெரும்பான்மை அதனைத் தள்ளிற்று. 2014ஆம் ஆண்டு செப்டம்பரில், ஆளுங் கூட்டணியைச் சேர்ந்த உறுப்பினரான ஆண்ட்ரூ ஜார்ஜ் என்பவரே தனி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். தக்க மாற்று வீடு தரப்படாதவருக்கு வெட்டு கூடாது என்பதே அதன் சாரம். இரண்டாம் வாசிப்பிலே ஆதரவு 306, எதிர்ப்பு 231! ஆயினும் அது சட்டமாகாமலே மடிந்தது.

ஸ்காட்லாந்தின் அரசு வேறு வழி கண்டது. சட்டத்தை மாற்றும் அதிகாரம் அப்போது அதன் கையில் இல்லை. ஆயினும் 2014ஆம் ஆண்டிலிருந்து தன் நிதியைக் கொண்டு, வெட்டப்பட்ட தொகையை ஈடுசெய்து வந்தது. வட அயர்லாந்திலே 2017ஆம் ஆண்டில் விதி நுழைந்தபோது ஈட்டுத் தொகையும் கூடவே நுழைந்தது. இங்கிலாந்திலே அந்த ஏற்பாடு இல்லை; நகராட்சி மனம் வைத்துத் தரும் தற்காலிக உதவிதான் உண்டு. ஒரே முடியாட்சியின்கீழ், எல்லைக் கோட்டுக்கு அப்பால் ஆறுதல், இப்பால் அபராதம்! மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2013ஆம் ஆண்டிலே, ஆட்சிக்கு வந்தால் இதனை ஒழிப்போம் என்று தொழிற்கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட் உறுதி கூறினார். 2015ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி தோற்றது. 2024ஆம் ஆண்டு ஜூலையில், வேறு தலைமையில், வென்றது. 2025ஆம் ஆண்டிலும் விதி சட்டப் புத்தகத்திலே இருந்தது. எதிர் வரிசையிலே இருந்தபோது கொடுமையாகத் தெரிந்தது, கருவூலச் சாவி கைக்கு வந்ததும் கணக்காகத் தெரிகிறதா? கட்சி எதுவாயினும் இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும்.

நாம் கற்க வேண்டியது

தோழர்களே! மானியம் என்ற சொல்லை எவர் எடுத்தாலும், எந்த மேடையில் எடுத்தாலும், மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுங்கள். குறைக்கிறேன் என்கிறீரே, அவன் செல்வதற்கு மாற்று இடம் இருக்கிறதா? இல்லையெனில், இல்லாமல் போனது எவர் செய்த முடிவாலே? அந்தப் பணம் இதுவரை கடைசியாகச் சென்று சேர்ந்தது எவருடைய பெட்டியிலே? இந்த மூன்றுக்கும் விடை தராதவர் சிக்கனம் பேசவில்லை. இல்லாதவன் மீது பழி பேசுகிறார்.

காலுக்கு ஏற்றபடி செருப்புத் தைப்பது தொழில் அறிந்தவன் செய்கை. செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டுவது பித்தன் செய்கை. பிரிட்டனில் நடந்தது அதனினும் ஒரு படி மேல். செருப்பே தைக்கவில்லை, காலை மட்டும் வெட்டினர்!

வீடு இல்லாத குறைக்கு மருந்து வீடுதான். அதனைக் கட்டு, கட்டுப்படியாகும் வாடகைக்குக் கொடு, வயது முதிர்ந்தவரும் தனித்து வாழ்பவரும் தம் தெருவிலேயே, தம் அண்டை அயலார் அருகிலேயே மாறிக்கொள்ளும்படி சிறு வீடுகளை அமை. பெரிய வீடு தானே காலியாகும். நெருக்கடியில் தவிக்கும் குடும்பம் தானே குடியேறும். அபராதம் தேவையிராது, அறை எண்ணும் அதிகாரியும் தேவையிரார்.

சன்னல் வரி ஒழிய ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. அடைபட்ட சன்னல்களுக்குள்ளே இருட்டிலும் புழுக்கத்திலும் எத்தனை தலைமுறை நோயுற்று மடிந்ததோ! கிளாஸ்கோவின் பெண்களோ, ஒரே ஆண்டிலே சட்டத்தை வரவழைத்தனர். காத்திருந்தவர்க்கு 155 ஆண்டு, திரண்டவர்க்கு ஓராண்டு. இந்த இரண்டு கணக்கையும் உங்கள் முன் வைத்து அமர்கிறேன். எந்தக் கணக்கு நமக்கு வேண்டும் என்பதனை நீங்களே முடிவு செய்யுங்கள்.